காயங்கட்டிய கரங்கள்: அர்ச். மார்ட்டின் தெ போரஸ்



வருஷந்தோறும் நவம்பர் மாதம் 3ந் தேதி நம் தாய்த் திருச்சபை அர்ச். மார்ட்டின் தெ போரஸ் என்பவரின் திருநாளைக் கொண்டாடுகிறது. இவருடைய சுரூபத்தையோ படத்தையோ நீங்கள் பார்த்திருக்கலாம். கறுத்த முகம், சாமிநாதர் சபையின் வெள்ளை அங்கி, கையில் ஒரு துடைப்பம், காலடியில் ஒரே தட்டில் உண்ணுகிற நாய், பூனை, எலி. பிள்ளைகள் இந்தப் படத்தைக் கண்டால் எளிதில் விடமாட்டார்கள். பூனையும் எலியும் எப்படி ஒரே தட்டில் சாப்பிடும் என்று கேட்டுக்கொண்டேயிருப்பார்கள். பெரியவர்களோ இது குழந்தைகளுக்கான கதை என்று சிரித்துவிட்டு அப்பால் போய்விடுவார்கள்.

நீங்கள் அப்படிப் போய்விட வேண்டாம். அந்தத் தட்டுக்குப் பின்னால் ஒரு மனிதருடைய முழு ஜீவியமும் இருக்கிறது. மேலும், நாளைக்கே உங்கள் வீட்டு நாய் வாகனத்தில் அடிபட்டு வாசற்படியில் வந்து விழலாம். உங்கள் பூனையை எவனாவது கல்லால் அடித்து அதன் மண்டையை உடைத்திருக்கலாம். அப்போது வீட்டில் நடப்பது என்ன? ஒருவர் அழுகிறார், ஒருவர் அடித்தவனைத் திட்டுகிறார், ஒருவர் ஐயோ பாவம் என்று சொல்லிக் கதவைச் சாத்துகிறார். இரத்தம் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஐயோ பாவம் என்று சொல்வதற்கும் காயத்தைக் கட்டுவதற்கும் இடையே ஒரு தூரம் உண்டு. மார்ட்டின் அந்தத் தூரத்தை எப்படிக் கடந்தார் என்பதையே இவ்வாரம் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

தென் அமெரிக்காவின் மேற்குக் கரையில் பெரு என்றொரு தேசம் இருக்கிறது. அதன் தலைநகர் லீமா. 1535ம் ஆண்டில் ஸ்பானியர் அதை ஸ்தாபித்தார்கள். அந்நகரில் அக்காலத்தில் மூன்றுவித ஜனங்கள் வாழ்ந்தார்கள். ஆண்டவர்கள் ஸ்பானியர்; தங்கள் சொந்த மண்ணிலேயே தாழ்த்தப்பட்டவர்கள் பூர்வகுடிகள்; கப்பலேற்றிக் கொண்டுவந்து சந்தையில் விற்கப்பட்டவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். ஒருவன் எந்த வகுப்பைச் சேர்ந்தவன் என்பதை அவன் தோலின் நிறமே சொல்லிவிடும். எங்கே நிற்கலாம், எதைப் படிக்கலாம், எந்த உத்தியோகத்தை எதிர்பார்க்கலாம் என்பதெல்லாம் அந்த நிறத்தைப் பொறுத்தே இருந்தது.

அந்நகரில் 1579ம் ஆண்டு டிசம்பர் மாதம் 9ந் தேதி மார்ட்டின் பிறந்தார். தகப்பனார் ஜுவான் தெ போரஸ் என்ற ஸ்பானியப் பிரபு. தாயார் ஆன்னா வெலாஸ்கெஸ் ஆப்பிரிக்க வம்சத்தவர். அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்றவர். இருவருக்கும் விவாகம் நடக்கவில்லை. குழந்தை தாயின் கறுத்த நிறத்தோடு பிறந்ததைத் தகப்பனார் விரும்பவில்லை. செபஸ்தியார் கோவிலில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது, கோவில் புஸ்தகத்தில் தாயின் பெயர் எழுதப்பட்டது. தகப்பன் இன்னார் என்று எழுதப்படவில்லை. ஏழு வருஷங்களுக்குப் பின் 1586ல் அதே கோவிலில் இன்னொரு குழந்தை ஞானஸ்நானம் பெற்றது. அவளே பிற்காலத்தில் அர்ச். லீமா ரோசம்மாள் என்று உலகமெல்லாம் போற்றப்பட்டவள். எளிய பங்குக் கோவிலொன்றின் ஞானஸ்நானத் தொட்டியிலிருந்து இரண்டு அர்ச்சியசிஷ்டர்கள் எழும்பினார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

மார்ட்டினுக்கு ஜுவானா என்று ஒரு தங்கை இருந்தாள். அந்தத் தங்கையை மறந்துவிடாதீர்கள். இக்கதையில் அவளுக்கும் அவள் வீட்டுக்கும் பெரிய பங்கு உண்டு. பிள்ளைகள் சிறிது வளர்ந்தபின் தகப்பனார் மனம் மாறி அவர்களைத் தம் பிள்ளைகளென்று ஏற்றுக்கொண்டார். இப்போது ஈக்குவடோர் தேசத்திலிருக்கும் குவயாகில் நகரத்துக்குத் தம்மோடு அழைத்துச்சென்று, எழுதப் படிக்கக் கற்பித்தார். ஆனால் அந்த நல்ல காலம் நெடுநாள் நீடிக்கவில்லை. தகப்பனார் வேறு உத்தியோகத்தின்பேரில் போக நேர்ந்தபோது, மார்ட்டின் லீமாவிலிருந்த தாயிடம் திரும்பிவந்தார். வறுமையும் திரும்பிவந்தது.

தகப்பனில்லாத பிள்ளை என்ற ஏளனம் ஒருபுறம். நிறத்தின் நிமித்தம் வந்த அவமானம் ஒருபுறம். இப்படி வளர்கிற பிள்ளை கசந்துபோவது சகஜம். ஆனால் மார்ட்டினிடம் சிறு வயதிலேயே வேறொரு குணம் காணப்பட்டது. தாய் கடைக்கு அனுப்பினால், வழியிலிருக்கும் பிச்சைக்காரனுக்குக் காசைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வருவார். அந்தத் தாய் கஷ்டப்பட்டு உழைத்த காசு அது. அவள் கோபித்தாள் என்றும், அடித்தாள் என்றும் சரித்திரம் சொல்லுகிறது. அவளைக் குறைகூற நமக்கு நியாயமில்லை. பிள்ளைக்கு இரக்கம் இருந்தது. ஆனால் கொடுக்கத் தன்னுடையது என்று எதுவும் இல்லை.

பன்னிரண்டு வயதளவில் அவருக்குக் கொடுக்கத்தக்க ஒன்று கிடைத்தது. தாய் அவரை ஒரு சவரத் தொழிலாளரிடம் வேலை கற்க விட்டாள். நம் ஊர்களில் முற்காலத்தில் சவரத் தொழில் செய்தவரே பரியாரியாகவும் இருந்து, கட்டி கீறி, காயத்துக்கு மருந்து வைத்தது போலவே, அக்காலத்து ஸ்பானியரிடத்திலும் இந்த இரண்டு வேலைகளும் ஒரே கையில் இருந்தன. தலைமயிர் வெட்டுகிறவரே பல் பிடுங்குவார், கட்டியைக் கீறுவார், இரத்தம் எடுப்பார், விலகிய எலும்பைச் சேர்த்துக் கட்டுவார், கிழிந்த தசையை ஊசியும் நூலும் கொண்டு தைப்பார், பச்சிலைகளை அரைத்து மருந்து கூட்டுவார். மார்ட்டின் இவையனைத்தையும் கருத்தாய்க் கற்றார். இரவில் மெழுகுவர்த்தித் துண்டுகளைக் கொளுத்திவைத்துச் செபம் செய்வார். பகலில் ஏழைகளுக்குக் காசு வாங்காமல் காயம் கட்டுவார்.

வாசகரே, இதைக் கவனியுங்கள். இரக்கமுள்ள மனது சர்வேசுரன் தந்த கொடை. ஆனால் தேர்ந்த கை உழைத்துச் சம்பாதிக்க வேண்டியது. மனது மட்டும் இருந்து கை பழகாவிட்டால், நாம் துன்பப்படுகிறவனைச் சுற்றி நின்று கூட்டம் போடுவோமேயன்றி வேறொன்றும் செய்யமாட்டோம். கை பழகி மனது இல்லாவிட்டால், கூலி தருகிறவனுக்கு மட்டுமே வைத்தியம் செய்வோம். மார்ட்டினிடத்தில் இரண்டும் சேர்ந்திருந்தன.

1594ல், ஏறக்குறைய பதினைந்தாம் வயதில், அவர் லீமாவிலிருந்த சாமிநாதர் சபையின் செபமாலை மாதா மடத்துக்குப் போனார். குருவாக வேண்டும் என்றல்ல, உதவிச் சகோதரராகவேண்டும் என்றுகூட அல்ல. வேலைக்காரனாக ஏற்றுக்கொண்டால் போதும் என்று கேட்டார். அதற்குக் காரணம் தாழ்ச்சி மட்டுமல்ல. ஆப்பிரிக்க இரத்தமோ பூர்வகுடிகளின் இரத்தமோ கலந்தவர்கள் சபையில் முழு உறுப்பினராக வார்த்தைப்பாடு கொடுக்கக்கூடாதென்று அக்காலத்தில் அங்கே தடை இருந்தது. சேசுநாதருடைய பெயரால் கூடிய ஒரு வீட்டில் அப்படிப்பட்ட தடை இருந்ததை நாம் மூடி மறைக்கலாகாது. அது குற்றமே. மார்ட்டின் அந்தக் குற்றத்தோடு வாதாடவில்லை. துடைப்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். தாழ்வாரம் பெருக்கினார், துணி வெளுத்தார், சகோதரர்களுக்குச் சவரம் செய்தார். ஒன்பது வருஷங்கள் இப்படிக் கழிந்தன. 1603ல் சிரேஷ்டர்கள் அவரை உதவிச் சகோதரராக வார்த்தைப்பாடு கொடுக்க அனுமதித்தார்கள். அவருடைய புண்ணியம் தடையைவிடப் பெரிதாகிவிட்டது.

மடத்தின் நோயாளிகளைக் கவனிக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. ஒரு நாள், தம்மைச் சற்றுக் காக்க வைத்துவிட்டார் என்று கோபித்த ஒரு நோயாளி, அவரைக் கலப்புச் சாதி நாயே என்று வைதார். நிறத்தைக் காட்டி மனிதனை நாய் என்பது லீமாவில் சாதாரணமாய் வழங்கிய ஏச்சு. மார்ட்டின் முகம் சுளிக்கவில்லை. அந்த நோயாளியின் கட்டிலருகே போய், வழக்கத்தைவிட அதிக அன்போடு பணிவிடை செய்தார். இன்னொரு சமயம் மடத்துக்குக் கடன் நெருக்கியது. மடத்துப் பொருள்களை விற்கச் சிரேஷ்டர் கடைத்தெருவுக்குப் போனார். மார்ட்டின் பின்னாலேயே ஓடி, அவற்றை விற்க வேண்டாம், தம்மை அடிமையாக விற்றுக் கடனை அடைக்கலாம் என்று கெஞ்சினார். சிரேஷ்டருடைய கண்கள் கலங்கின. அவரை அப்படியே மடத்துக்குத் திருப்பி அனுப்பிவிட்டார். தாய் அடிமைச் சங்கிலியிலிருந்து விடுபட்டிருக்க, மகன் பிறர் கடனுக்காக அதே சங்கிலியைக் கேட்டு வாங்கப் போனார்!

மடத்துச் சகோதரர்களோடு அவருடைய வைத்தியம் நின்றுவிடவில்லை. நகரத்து ஏழைகள், அடிமைகள், பூர்வகுடிகள் எல்லோரும் அவரைத் தேடிவந்தார்கள். படுக்க இடமில்லாதவர்களைத் தம் சொந்த அறையிலேயே படுக்கவைத்தார். மடத்திலே தொற்றுநோய் பரவும் என்று பயந்த சிரேஷ்டர், வெளி நோயாளிகளை உள்ளே கொண்டுவரக்கூடாதென்று கட்டளையிட்டார். மார்ட்டின் கீழ்ப்படிந்தார். பக்கத்திலிருந்த தங்கை ஜுவானாவின் வீட்டில் அவர்களுக்கு இடம் ஏற்படுத்தினார்.

இப்படியிருக்கையில் ஒருநாள் வீதியில் ஒரு பூர்வகுடி மனிதன் கத்திக்குத்துப்பட்டு இரத்த வெள்ளத்தில் கிடந்தான். தங்கையின் வீடுவரை எடுத்துப்போனால் வழியிலேயே உயிர் போய்விடும். மார்ட்டின் அவனை மடத்துக்குள் தம் அறைக்குத் தூக்கிச்சென்று, இரத்தத்தை நிறுத்திக் காயத்தைக் கட்டி, ஆபத்து நீங்கியபின் தங்கை வீட்டுக்கு அனுப்பினார். கட்டளையை மீறினதற்காகச் சிரேஷ்டர் அவரைக் கண்டித்தார். மார்ட்டின் மன்னிப்புக் கேட்டார். கூடவே, அன்பின் கற்பனைக்கு மேலாகக் கீழ்ப்படிதலின் கற்பனை நிற்கும் என்று தமக்குத் தெரியாமற் போயிற்று என்று தாழ்மையாய்ச் சொன்னார். சிரேஷ்டர் யோசித்தார். இனி இரக்கத்தின் செய்கைகளை அவருடைய மனச்சாட்சிக்கே விட்டுவிடுவதாக அனுமதி கொடுத்தார். முதலுதவி என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாய்ச் சொல்ல முடியாது. இரத்தம் ஓடும்போது முதற்கடமை அதை நிறுத்துவது. இடம், முறை, உத்தரவு எல்லாம் அதற்குப் பிறகு.

இனி அந்த நாயிடத்தில் வருவோம். மார்ட்டின் இறந்து ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்குப் பின், 1660ல், அவரை நேரில் அறிந்தவர்களை வரவழைத்துத் திருச்சபை விசாரணை நடத்தத் தொடங்கியது. அவருடைய நோயாளிகளைப் பற்றிச் சாட்சி சொன்னவர்கள் மிருகங்களைப் பற்றியும் சொன்னார்கள். அவர் நாயையும் பூனையையும் நடத்திய விதம் அவ்வளவு ஆழமாய் அவர்கள் மனதில் பதிந்திருந்தது. வழிவழியாய்ச் சொல்லிவரும் வரலாறு இது: ஒருநாள் பலத்த காயம்பட்ட நாய் ஒன்று இரத்தம் சொட்டச் சொட்ட மடத்துக்குள் வந்தது. மற்றவர்களாயிருந்தால் கம்பை எடுத்து விரட்டியிருப்பார்கள். மார்ட்டின் அதை மெல்லத் தம் அறைக்கு அழைத்துச்சென்றார். புண்ணைச் சுத்தம் செய்தார். மனிதரைத் தைப்பது போலவே ஊசி நூலால் தைத்தார். தரையில் ஆட்டுத்தோலை விரித்து அதைப் படுக்கவைத்தார். சில நாள் கவனித்து, குணமானபின் அனுப்பிவைத்தார்.

அக்காலத்து வைத்தியர் காயத்தைத் திராட்சை இரசத்தால் கழுவுவது வழக்கம். கிருமிகளால் புண் சீழ் பிடிக்கிறதென்று அப்போது எவருக்கும் தெரியாது. 19ம் நூற்றாண்டில்தான் அது வெளியாயிற்று. ஆயினும் அனுபவத்தால் அதன் பலனை அறிந்திருந்தார்கள். சுவிசேஷத்திலே நல்ல சமாரித்தன் வழியில் கிடந்தவனுடைய காயங்களில் எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்துக் கட்டினதை நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். அவனும் முதலில் செய்தது கைவேலை. பிறகுதான் சத்திரக்காரனிடம் பணம் கொடுத்தான்.

எலிகளின் கதையும் உங்களுக்குத் தெரிய வேண்டும். மடத்து நோயாளிகளின் துணிகளை எலிகள் கடித்து நாசமாக்கின. விஷம் வைக்கலாம் என்றார்கள். மார்ட்டின் ஒரு எலியைப் பிடித்து, மற்ற எலிகளையும் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடும்படி சொல்லி, தினமும் அங்கே ஆகாரம் வைப்பதாக வாக்குக் கொடுத்தாராம். எலிகள் போய்விட்டன, அவரும் சொன்னபடி ஆகாரம் வைத்தார் என்பது மரபு. இப்படி நாயும் பூனையும் அவரைத் தேடிவரவே, மடத்தில் இடம் போதாமற் போயிற்று. அப்போதும் கைகொடுத்தது தங்கை ஜுவானாவின் வீடுதான். அநாதரவான நாய்களுக்கும் பூனைகளுக்கும் அங்கே இடம் கிடைத்தது. அந்தப் புண்ணியவதி முறுமுறுத்தாளோ, சிரித்துக்கொண்டே ஏற்றாளோ, சம்மனசுகளுக்கே வெளிச்சம். தமையனுடைய தர்மத்துக்குத் தங்கையின் முற்றம் வேண்டியிருந்தது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார். அவருக்கு நன்றி சொல்ல மறக்காதீர்கள்.

இங்கே உங்களில் சிலர் கேட்கலாம்: மனிதர்களே வீதியில் கிடக்கும்போது நாய்க்கு வைத்தியமா? நியாயமான கேள்விதான். மனிதன் சர்வேசுரனுடைய சாயலாக உண்டாக்கப்பட்டவன். மிருகத்தை அவனுக்குச் சமமாக வைக்கலாகாது. 1992ல் வெளியான நம் திருச்சபையின் மறைக்கல்வி நூல் இரண்டு காரியங்களையும் சேர்த்தே சொல்லுகிறது. மிருகங்களை வீணாய்த் துன்பப்படுத்துவது மனித மாண்புக்கு விரோதம். மனிதருடைய துன்பத்தைத் தீர்க்க வேண்டிய பணத்தை மிருகங்களின்மேல் செலவிடுவதும் தகாது. மார்ட்டினின் ஜீவியத்தில் இந்த இரண்டும் மோதிக்கொள்ளவே இல்லை. நாய்க்கு ஆட்டுத்தோல் விரித்தவர் அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் அமைத்தார். அடிமைகளைத் தேடிப்போய்க் கவனித்தார். அன்றாடம் ஏழைகளுக்கு உணவு கொடுத்தார். இரக்கம் நிறைகுடத்துத் தண்ணீர் போன்றதல்ல. நாய்க்கு ஒரு குவளை மொண்டால் மனிதனுக்கு ஒரு குவளை குறைந்துபோகும் என்று சொல்வதற்கில்லை. அது ஊற்று. இறைக்க இறைக்கத்தான் சுரக்கும். நாயின் அலறலைக் கேட்டுக் கேட்டுக் காதை மூடிப் பழகியவன், பிறகு மனிதனின் அலறலுக்கும் எளிதாய்க் காதை மூடிக்கொள்வான்.

இன்னொன்றும் உண்டு. நாய் என்று ஏசப்பட்டவர் நாயின் முன் குனிந்து அதன் புண்ணைத் தைத்தார். தம்மை ஏசினவனுடைய புண்ணையும் அதே கையால் கட்டினார். ஏச்சு அவரைக் கசப்பாக்கவில்லை. விரட்டப்படுகிற எதுவும் தமக்கு உறவு என்று கற்பித்தது.

வாசகரே, மார்ட்டினை வாழ்த்திவிட்டு நாம் சும்மா இருக்கலாகாது. கை பழக வேண்டும் என்றேன். ஆகையால் உங்கள் வீட்டு மிருகம் அடிபட்டால் செய்ய வேண்டியதை இக்கால வைத்தியர் கற்பிக்கிறபடி சுருக்கமாய்ச் சொல்லுகிறேன். இந்தப் பத்திரிகையை எறிந்துவிடாமல் வீட்டில் வைத்திருங்கள்.

முதலாவது, நோவிலிருக்கும் நாய் தன் எஜமானையும் கடிக்கும். அது குணக்கேடல்ல; பயம். ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்காமல், மெல்லிய குரலில் பேசிக்கொண்டு பக்கவாட்டில் அணுகுங்கள். ஒரு நீளத் துணியால் மூக்கையும் வாயையும் சேர்த்து ஒரு சுற்றுச் சுற்றி, தாடைக்குக் கீழே குறுக்காக இழுத்து, காதுகளுக்குப் பின்னால் முடிச்சுப் போடலாம். வாந்தி எடுக்கும் நாய்க்கும் மூச்சுத் திணறும் நாய்க்கும் இப்படிக் கட்டக்கூடாது. பூனையானால் கனத்த துவாலையால் உடம்பைச் சுற்றித் தலையை மட்டும் வெளியே விடுங்கள்.

இரண்டாவது, இரத்தம். சுத்தமான துணியை மடித்துக் காயத்தின்மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று அடிக்கடி தூக்கிப் பார்க்கவேண்டாம். தூக்கினால் உறைந்த இரத்தம் பிய்ந்துவிடும். ஐந்து பத்து நிமிஷம் விடாமல் அழுத்துங்கள். துணி நனைந்துபோனால் அதன்மேலேயே இன்னொரு துணியை வையுங்கள்.

மூன்றாவது, காயம். சிறு சிராய்ப்பானால் வெதுவெதுப்பான சுத்த நீரால் கழுவலாம். ஆழமான காயத்தைக் கிளறவேண்டாம். உள்ளே குத்தி நிற்கும் கம்பியையோ குச்சியையோ பிடுங்கவேண்டாம். குடல் வெளியே தெரிந்தால் உள்ளே தள்ளாமல், சுத்தமான ஈரத்துணியால் மூடுங்கள். காப்பித்தூள், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் எதையும் புண்ணில் வைக்கவேண்டாம். தையல் போடுவது நம் வேலையல்ல. மார்ட்டின் அந்தத் தொழிலை முறையாய்க் கற்றவர் என்பதை நினைவில் வையுங்கள்.

நான்காவது, எலும்பு. கால் ஒடிந்திருந்தால் நேராக்கப் பார்க்கவேண்டாம். அகலமான பலகையின்மேலோ, இருவர் இழுத்துப் பிடித்த கம்பளியின்மேலோ மெல்ல நகர்த்தி, உடம்பு வளையாமல் தூக்கிச் செல்லுங்கள். குளிராதபடி போர்த்துங்கள்.

ஐந்தாவது, வாயில் ஒன்றும் கொடுக்கவேண்டாம். மயக்கமருந்து கொடுத்துச் சிகிச்சை செய்ய நேரிடலாம். அப்போது வயிற்றில் பாலோ சோறோ இருந்தால் ஆபத்து. நாம் தலைவலிக்கு விழுங்கும் மாத்திரைகளைக் கொடுக்கவே கூடாது. பாரசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனையைக் கொன்றுவிடும். இவ்வளவும் கால்நடை வைத்தியரிடம் போகும்வரைதான், போவதைத் தாமதிக்காதீர்கள். இந்த வேலையில் நாய் உங்களைக் கடித்துவிட்டாலும் பிராண்டிவிட்டாலும், சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசியைப் பற்றிக் கேளுங்கள். வெறிநோய் கண்டுவிட்டால் உயிர் தப்புவது மிக அரிது. தடுப்பூசியை வேளையோடு போட்டுக்கொண்டால் பயமில்லை.

மார்ட்டினுடைய முடிவையும் சொல்லிவிடுகிறேன். 1639ல் அவர் கடுங்காய்ச்சலில் விழுந்தார். எத்தனையோ கட்டில்களின் அருகே இரவு பகலாய் நின்றவர், இப்போது தாமே கட்டிலில் கிடந்தார். ஸ்பானிய அரசரின் பிரதிநிதியாகப் பெருவை ஆண்ட சிஞ்சோன் பிரபு அவரைப் பார்க்க வந்து, மண்டியிட்டு அந்தக் கறுத்த கையை முத்தி செய்தார். துடைப்பம் பிடித்த கை. சவரக்கத்தி பிடித்த கை. நாயின் புண்ணைத் தைத்த கை. நவம்பர் 3ந் தேதி, அறுபது வயது நிறையுமுன், சகோதரர்கள் விசுவாசப் பிரமாணம் சொல்லிக்கொண்டிருக்கையில் அவர் ஆத்துமம் பிரிந்தது. அடக்கத்துக்கு வந்த ஜனங்கள் அவருடைய அங்கியைத் துண்டு துண்டாய் வெட்டி அருளிக்கமாக எடுத்துக்கொண்டார்கள். வேறு அங்கி உடுத்தவேண்டியதாயிற்று. 1837ல் 16ம் கிரகோரி பாப்பரசர் அவருக்கு முத்திப்பேறு பட்டமும், 1962ம் ஆண்டு மே மாதம் 6ந் தேதி 23ம் அருளப்பர் பாப்பரசர் அர்ச்சியசிஷ்டர் பட்டமும் அளித்தார்கள். வார்த்தைப்பாடு கொடுக்கத் தகுதியில்லை என்று எந்த மடத்தின் வாசலில் தடுக்கப்பட்டாரோ, அதே மடத்துக் கோவிலில் இன்று ஜனங்கள் அவர் கல்லறைமுன் முழந்தாளிடுகிறார்கள்.

ஆகையால், பிரியமானவர்களே, இந்த வாரம் ஒரு சிறு காரியம் செய்யுங்கள். வீட்டில் ஒரு பெட்டியில் சுத்தமான பழந்துணி, கட்டுத்துணி, கத்தரிக்கோல், சோப்பு இவற்றை எடுத்து வையுங்கள். பக்கத்திலிருக்கும் கால்நடை வைத்தியசாலை எங்கே, எந்நேரத்தில் திறந்திருக்கும் என்று விசாரித்து அந்தப் பெட்டியின் மூடியில் எழுதி ஒட்டுங்கள். மேலே சொன்னவற்றைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். கல்லெடுக்கிற வயதில் கட்டுப்போடக் கற்றுக்கொண்ட பிள்ளை கல்லைக் கீழே போட்டுவிடும். வாசலில் ஓர் அலறல் கேட்கும் நாளில் கதவைச் சாத்தாமல் திறந்துகொண்டு வெளியே போக, அர்ச். மார்ட்டின் நமக்காக வேண்டிக்கொள்வாராக.